மலையேறும் வீடு

சுட்டிகளே, முதலில் ஒரு கேள்வி. வீடு மலையேறுமா?

ஏறும். அடுப்பு, கட்டில், கழிவறை, தண்ணீர்த் தொட்டி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் வயிற்றில் வைத்துக்கொண்டு ஏறும். அமெரிக்காவில் அந்த வண்டிக்கு ஆர்.வி. என்று பெயர். சில ஆர்.வி.க்களில் இன்ஜினும் சேர்ந்தே இருக்கும். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலேயே வீடு தொடங்கிவிடும். சிலவற்றில் இன்ஜினே கிடையாது. பலமான ஒரு காரின் பின்னால் மாட்டி இழுத்துப்போக வேண்டும். கோடை விடுமுறை வந்துவிட்டால் அங்கே ஏராளமான குடும்பங்கள் இப்படி வீட்டோடு கிளம்பிவிடுகின்றன. பகலெல்லாம் ஊர் சுற்றல். இரவில் வண்டி எங்கே நிற்கிறதோ அங்கேதான் சமையல், அங்கேதான் தூக்கம்.

"காட்டுக்குள் நின்றால் கரண்ட் ஏது? ஃபிரிட்ஜ் எப்படி ஓடும்?" என்று உங்களில் ஒருவர் இந்நேரம் கேட்டிருப்பீர்கள். சபாஷ்! அது மிக நல்ல கேள்வி. அதற்கான பதில் உங்களை ஆச்சரியப்படுத்தும். ஆனால் அது ராத்திரிப் பாடம். இப்போது காலை. வண்டியில் ஏறுங்கள், போகலாம்.

நாம் போவது கொலராடோ மாநிலம். அங்கேதான் ராக்கி மலைத்தொடரின் மிக உயரமான சிகரங்கள் இருக்கின்றன. இந்த மலைத்தொடர் கனடாவிலிருந்து நியூ மெக்சிகோ வரை சுமார் 4,800 கிலோமீட்டர் நீளத்துக்கு நீண்டு கிடக்கிறது. அத்தனையையும் ஒரே நாளில் பார்க்க முடியாது. அதனால் ஒரே ஒரு சாலையை மட்டும் பார்க்கப்போகிறோம். ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குள் போகும் டிரெயில் ரிட்ஜ் சாலை அது. கிழக்கே எஸ்டிஸ் பார்க் என்ற ஊர், மேற்கே கிராண்ட் லேக் என்ற ஊர். இரண்டுக்கும் நடுவே 77 கிலோமீட்டர். சாலையின் மிக உயரமான இடம் கடல் மட்டத்திலிருந்து 3,713 மீட்டர்.

இந்தச் சாலையில் 1932இல்தான் கார்கள் ஓடத் தொடங்கின. ஆனால் அதற்கு எத்தனையோ காலம் முன்பே யூட், அரபாஹோ என்ற பழங்குடி மக்கள் இந்த மலை முதுகின்மேல் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அரபாஹோ மக்கள் இந்தத் தடத்துக்கு வைத்த பெயர், குழந்தைகள் நடந்த வழி. அவ்வளவு செங்குத்தான ஏற்றம்! குழந்தைகளைச் சுமந்துகொண்டு ஏற முடியாமல் இறக்கி நடக்கவிட்டார்களாம். உங்கள் வயதுப் பிள்ளைகள் ஏறிய மலை இது.

டென்வர் நகரத்திலிருந்து கிளம்புகிறோம். டென்வரே உயரமான ஊர்தான். கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல், அதாவது 1,609 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாநில அரசின் தலைமைக் கட்டடத்தின் படிக்கட்டில் அந்த உயரத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். ஒரு குறி அல்ல, மூன்று வெவ்வேறு படிகளில் மூன்று குறிகள்! ஏன் தெரியுமா? ஒருமுறை அளந்து ஒரு படியில் பொறித்தார்கள். பிறகு இன்னும் துல்லியமாக அளந்தபோது அது வேறு படி என்று தெரிந்தது. 2003இல் மறுபடி அளந்தார்கள், குறி மறுபடி இடம் மாறியது. பழைய குறிகளை அவர்கள் மறைக்கவில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. நல்ல அறிவியல் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

வண்டி ஏறத் தொடங்கிவிட்டது. காது அடைக்கிறதா? எச்சிலை விழுங்குங்கள். 'டப்' என்று திறந்துகொள்ளும். இப்போது பின்னால் கிடக்கும் சிப்ஸ் பாக்கெட்டைப் பாருங்கள். டென்வரில் வாங்கியபோது சாதாரணமாக இருந்தது, இப்போது உப்பிக்கொண்டு நிற்கிறது. யாரும் ஊதவில்லை. உள்ளே ஒரு சிப்ஸ்கூடக் கூடவில்லை. அப்படியானால் என்ன நடந்தது?

மாம்பழக் கூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்து அடுக்கு அடுக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கூடைப் பழம் அதிகம் நசுங்கும்? அடிக்கூடைதான், இல்லையா? மேலே உள்ள ஒன்பது கூடைகளின் கனமும் அதன் தலையில். உச்சிக் கூடைப் பழம் நிம்மதியாக இருக்கும், அதன்மேல் ஒன்றுமில்லை. காற்றும் இப்படித்தான். காற்றுக்கும் எடை உண்டு. கடற்கரையில் நிற்கும்போது நாம் அடிக்கூடையில் இருக்கிறோம். மேலே உள்ள காற்று முழுவதும் கீழே உள்ள காற்றை அழுத்துகிறது. மலையேற ஏற, தலைக்கு மேலே காற்று குறைகிறது. அழுத்தமும் குறைகிறது.

கடற்கரையில் காற்றின் அழுத்தம் 100 பங்கு என்றால், டென்வரில் சுமார் 82 பங்கு. டிரெயில் ரிட்ஜ் சாலையின் உச்சியில் சுமார் 63 பங்குதான். பாக்கெட்டுக்கு உள்ளே அடைபட்ட காற்று கீழேயிருந்து வந்தது. அது பழைய பலத்தோடு வெளியே தள்ளுகிறது. வெளியே இருக்கும் காற்று அந்த அளவுக்குத் திருப்பித் தள்ளவில்லை. அதனால் பாக்கெட் உப்புகிறது. உங்கள் காதுக்குள்ளும் இதே கதைதான்.

இதுவரை புரிகிறதா? புரியாவிட்டால் மாம்பழக் கூடைக்கு இன்னொரு முறை போய்விட்டு வாருங்கள். அவசரமில்லை, வண்டி மெதுவாகத்தான் ஏறுகிறது.

ஆமாம், ஏன் இவ்வளவு மெதுவாக ஏறுகிறது? இன்ஜினுக்கும் மூச்சு முட்டுகிறது! பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் இன்ஜினுக்குள் அதே அளவு இடம்தான், ஆனால் அந்த இடத்தில் வந்து உட்காரும் காற்று குறைவு. காற்று குறைந்தால் எரிக்க முடிந்த எரிபொருளும் குறையும். சாதாரண இன்ஜின் ஒன்று இந்த உச்சிக்கு வரும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பலத்தை இழந்து நிற்கும். இதற்காகவே சில இன்ஜின்களில் டர்போ என்ற விசிறி வைத்திருக்கிறார்கள். அது காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும்.

இங்கே பெரியவர்களே தவறாகச் சொல்லும் ஒரு விஷயம் இருக்கிறது. "மலையில் ஆக்சிஜன் பங்கு குறைவு" என்பார்கள். பங்கு குறையவில்லை! கடற்கரையிலும் சரி, இந்த உச்சியிலும் சரி, காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம்தான். மொத்தக் காற்றே நெருக்கமில்லாமல் இருப்பதால், ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜன் குறைந்துவிடுகிறது. அதனால்தான் இங்கே ஓடினால் சீக்கிரம் மூச்சு வாங்கும். சிலருக்குத் தலை வலிக்கும், வயிற்றைப் புரட்டும். மெதுவாக நடக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். தலைவலி கூடினால் கீழே இறங்கிவிடுவதுதான் நல்ல மருந்து.

ஜன்னலுக்கு வெளியே மரங்களைக் கவனித்தீர்களா? அடிவாரத்தில் பாண்டரோசா பைன் மரங்கள். வெயில் சுடும் நேரத்தில் அவற்றின் பட்டையில் மூக்கை வைத்து முகர்ந்தால் வெனிலா வாசனை வரும். இன்னும் மேலே போனால் ஸ்புரூஸ், ஃபர் என்ற ஊசியிலை மரங்கள். இதெல்லாம் நெடுநெடுவென்று வளர்ந்தவை. அதற்கும் மேலே போகப் போக மரங்கள் குள்ளமாகின்றன. சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் மரமே நின்றுபோகிறது. அதற்கு மரக்கோடு என்று பெயர்.

அந்தக் கோட்டுக்கு அருகே இருக்கும் ஒரு மரத்தை நிதானமாகப் பார்ப்போம். உங்கள் உயரம்தான் இருக்கும், ஆனால் வயது நூறைத் தாண்டியிருக்கலாம். தண்டு முறுக்கிக்கொண்டு நிற்கிறது. கிளைகள் ஒரு பக்கம் மட்டுமே. மறுபக்கம் மொட்டை. குளிர்காலம் முழுவதும் மேற்கிலிருந்து காற்று அடிக்கிறது. அந்தக் காற்று பனித்துகள்களை வாரி எறிந்து, அந்தப் பக்கத்து மொட்டுகளை உலர்த்திக் கொன்றுவிடுகிறது. காற்றுக்கு முதுகு காட்டிய கிளைகள் மட்டும் பிழைக்கின்றன. அடிக்கிளைகள் பார்க்கப் பச்சையாக, அடர்த்தியாக இருக்கும். குளிர்காலத்தில் அவை பனிக்கு அடியில் பத்திரமாகப் புதைந்து கிடந்தவை. ஆக, இந்த ஒரு மரத்தைப் பார்த்தே இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடலாம். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது? பனி எவ்வளவு உயரம் குவிகிறது? துப்பறிவாளர் வேலை செய்ய ஆசைப்படும் பிள்ளைகளுக்கு நல்ல மரம் இது.

மரக்கோட்டைத் தாண்டியும் சாலை போகிறது. சுமார் 18 கிலோமீட்டர் தூரம் மரமே இல்லாத உயரத்தில்தான் பயணம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். டென்வரில் 30 டிகிரி வெயில் என்றால் இங்கே 16தான். ஜூலை மாதத்தில்கூட ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள். தொப்பியும் வேண்டும். காற்று மெலிந்திருப்பதால் வெயிலின் புற ஊதாக் கதிர்கள் இங்கே அதிகம் இறங்கிவிடும். குளிருகிறதே என்று வெயிலை அசட்டையாக நினைத்தால் முகம் கன்றிப்போகும்.

குளிர்காலத்தில் இந்தச் சாலை மூடிக் கிடக்கும். அக்டோபர் வாக்கில் பூட்டினால் மே கடைசியில்தான் வழக்கமாகத் திறப்பார்கள். ஏப்ரல் முதலே பனி அகற்றும் இயந்திரங்கள் இரு பக்கத்திலிருந்தும் தோண்டிக்கொண்டே வரும். சில இடங்களில் காற்று ஒதுக்கிய பனி 20 அடிக்கும் மேல் குவிந்திருக்கும். சாலை எங்கே, பள்ளம் எங்கே என்று தெரியாதே? அதற்காகத்தான் சாலை ஓரத்தில் நெடிய கம்பங்கள் நட்டு வைத்திருக்கிறார்கள்.

இறங்கிக் கொஞ்சம் நடக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை. நடைபாதையை விட்டு ஒரு அடிகூட விலகக் கூடாது. ஏன் என்று கீழே குனிந்து பாருங்கள். தரையோடு தரையாக, உள்ளங்கை அளவுக்குப் பச்சைத் திட்டு. அதன்மேல் மிளகு அளவில் இளஞ்சிவப்புப் பூக்கள். மாஸ் கேம்பியன் என்ற செடி அது. தலை தூக்கினால் காற்று ஒடித்துவிடும், ஆகவே படுத்தே வளர்கிறது. தரையை ஒட்டிக் காற்றின் வேகமும் குறைவு, வெப்பமும் கொஞ்சம் அதிகம். இங்கே கோடை ஆறேழு வாரம்தான். அதற்குள் இலை விட்டு, பூத்து, விதைக்க வேண்டும். வளர எங்கே நேரம்? அந்த உள்ளங்கை அளவுத் திட்டு வளர எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருக்கும். பலபேர் மிதித்துத் தேய்ந்த இடம் ஒன்று மறுபடி பச்சையாகப் பல பத்தாண்டுகள் பிடிக்கும்.

'ஈக்!' என்று ஒரு சத்தம் கேட்டதா? பாறைக் குவியலுக்குள் பாருங்கள். உங்கள் கை முஷ்டியைவிடக் கொஞ்சம் பெரிய பிராணி. எலி என்று நினைத்துவிடாதீர்கள். இது பைக்கா, முயலின் உறவுக்காரர். வாயில் ஒரு கட்டுப் புல். கோடை முழுவதும் பூவும் புல்லும் கடித்து வந்து, பாறை இடுக்கில் வைக்கோலாகக் காயவைக்கும். குளிர்காலத்தில் மர்மோட் என்ற கொழுத்த அணில் இனப் பிராணி தூங்கியே பொழுதைக் கழிக்கும். பைக்கா தூங்காது. பனிக்கு அடியில் விழித்திருந்து, சேர்த்து வைத்ததைத் தின்னும். அடர்ந்த ரோமம் இருப்பதால் குளிர் அதற்கு ஒரு பொருட்டல்ல. வெயில்தான் ஆபத்து. 26 டிகிரி வெப்பம்கூடச் சில மணி நேரத்தில் அதைக் கொன்றுவிடக்கூடும். பூமி சூடாகிக்கொண்டே போனால் மற்ற பிராணிகள் இன்னும் மேலே ஏறிப் போகலாம். மலையின் உச்சியிலேயே வாழும் பைக்கா எங்கே போகும்? எனக்கு உண்மையிலேயே கவலை தரும் கேள்வி இது.

நடுப்பகலுக்குள் இங்கிருந்து கிளம்பிவிட வேண்டும். கோடையில் மலைச் சரிவு சூடாகி, காற்று மேலே எழும்பி, பிற்பகலில் இடிமேகம் கட்டிவிடும். மரமில்லாத உச்சியில் உயரமான பொருள் நீங்கள்தான். இடி கேட்ட உடனே உலோகக் கூரையுள்ள காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். மின்னல் விழுந்தாலும் உலோக உடம்பின் வெளிப்பக்கமாக ஓடித் தரைக்குப் போய்விடும்.

மேற்கே கொஞ்சம் இறங்கினால் மில்னர் கணவாய். உயரம் 3,279 மீட்டர். ஒரு பலகை நிற்கும், எல்லோரும் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அதுதான் வட அமெரிக்காவின் நீர்பிரி மேடு. இந்தப் பக்கம் விழும் மழை பூடர் ஆற்றில் சேர்ந்து, பிளாட், மிசௌரி, மிசிசிப்பி ஆறுகள் வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகும். அது அட்லான்டிக் பக்கம். அந்தப் பக்கம் விழும் மழை கொலராடோ ஆற்றில் சேர்ந்து பசிபிக் பக்கம் போகும். இரண்டு மழைத்துளிகள் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தாலும் போகும் திசை வேறு.

இப்போது கவனியுங்கள். சாலையின் மிக உயரமான இடம் 3,713 மீட்டர் என்றேன். நீர் பிரியும் இடமோ 3,279 மீட்டர்தான். உச்சியில்தானே நீர் பிரிய வேண்டும்? இப்படி யோசித்தவர்களுக்கு ஒரு கைதட்டல். விடை இதுதான்: சாலை முதலில் கிழக்குப் பக்கத்திலேயே உள்ள ஓர் உயரமான மலை முதுகின்மேல் ஏறிவிடுகிறது. அந்த முதுகின் இரு பக்கத்து நீரும் கிழக்கேதான் போகிறது. பிறகு சாலை இறங்கி வந்து, தாழ்வான ஓர் இடத்தில் நீர்பிரி மேட்டைக் கடக்கிறது. நீர் பிரிவதற்கு ஒரு தொடர்கோடு போதும், அந்தக் கோடு எல்லா இடத்திலும் உயரமாக இருக்க வேண்டும் என்றில்லை.

மனிதர்கள் இந்தக் கோட்டையும் ஏமாற்றிவிட்டார்கள். மழையும் பனியும் மேற்கே அதிகம், மக்களும் வயல்களும் கிழக்கே அதிகம். என்ன செய்வது? மலையைக் குடைந்தார்கள். கிராண்ட் லேக்கிலிருந்து எஸ்டிஸ் பார்க் பக்கமாக, இந்தத் தேசியப் பூங்காவுக்கு அடியில் சுமார் 21 கிலோமீட்டர் நீளச் சுரங்கம். இரு முனையிலிருந்தும் தோண்டிக்கொண்டு வந்து 1944இல் நடுவில் சந்தித்தார்கள். பசிபிக் போக வேண்டிய தண்ணீர் இன்று மலைக்கு அடியில் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி இறக்கம். ஏறுவதுதான் கடினம், இறங்குவது சுலபம் என்று நினைக்கிறீர்களா? ஓட்டுநரைக் கேளுங்கள், நேர்மாறாகச் சொல்வார்.

நம் வண்டியின் எடை 6 டன் என்று வைத்துக்கொள்வோம். உச்சியிலிருந்து இன்று நாம் தங்கப்போகும் டிம்பர் கிரீக் முகாம் சுமார் 1,000 மீட்டர் கீழே இருக்கிறது. 6 டன் எடை 1,000 மீட்டர் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் எவ்வளவு? 20 டிகிரியில் இருக்கும் 175 லிட்டர் தண்ணீரை 100 டிகிரிக்குச் சூடேற்றும் அளவு! அந்த ஆற்றல் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். விட்டால் வேகமாகிவிடும். பிரேக்கை அழுத்தினால் வெப்பமாகிவிடும். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால், அத்தனை வெப்பமும் சக்கரத்துக்குள் இருக்கும் சின்னத் தகடுகளில் போய் ஏறும். தகடு காய்ந்து புகைந்தால் பிடிப்பு போய்விடும். மிதித்தாலும் வண்டி நிற்காது.

அதனால் நல்ல ஓட்டுநர் இறக்கத்தில் சின்ன கியருக்கு மாற்றிவிடுவார். இன்ஜினே வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். 'ங்ங்...' என்று அது முனகுவது கேட்கும், பயப்பட வேண்டாம். பிரேக்கை அவ்வப்போது மட்டும் தொட்டு எடுப்பார். இதே கொலராடோவில் பைக்ஸ் பீக் என்ற மலை இருக்கிறது, 4,300 மீட்டர் உயரம். அங்கே இறங்கும் வண்டிகளைப் பாதி வழியில் நிறுத்தி, பிரேக் எவ்வளவு சூடு என்று அளந்து பார்ப்பார்கள். சக்கரத்தைத் தொடாமலே, கையில் உள்ள கருவியை நீட்டினால் போதும். அதிகச் சூடாக இருந்தால், "ஓரமாக நிறுத்துங்கள், ஆறட்டும்" என்று சொல்லிவிடுவார்கள். பெரிய நெடுஞ்சாலைகளிலோ பிரேக் பிடிக்காத லாரிகளுக்கென்றே மேட்டை நோக்கி ஏறும் கிளைச்சாலை போட்டு, அதில் தளர்வான கூழாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். ஓடிவரும் லாரி அதில் ஏறிப் புதைந்து நின்றுவிடும்.

முகாமுக்கு வந்துவிட்டோம். பக்கத்தில் ஓடும் சின்ன நீரோடையில் காலை வைத்துப் பாருங்கள். ஐஸ்! இதுதான் கொலராடோ ஆறு. இங்கே பெரியவர்கள் நடந்தே கடந்துவிடலாம். இதே ஆறுதான் தெற்கே அரிசோனாவில் கிராண்ட் கேன்யன் என்ற மாபெரும் பள்ளத்தாக்கைக் குடைந்தது.

முதலில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கிறார்கள். அடுத்தது என்ன தெரியுமா? ரசமட்டம்! கொத்தனார் சுவர் கட்டும்போது வைத்துப் பார்ப்பாரே, நடுவில் ஒரு நீர்க்குமிழி ஓடும் கருவி, அதேதான். வண்டியின் தரையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை சரிசெய்கிறார்கள். கட்டிலில் உருளாமல் தூங்கவா? அதற்கும்தான். ஆனால் முக்கியமான காரணம் ஃபிரிட்ஜ். இதோ, காலையில் கேட்ட கேள்விக்கு வந்துவிட்டோம்.

இந்த முகாமில் கரண்ட் கிடையாது. ஆர்.வி.யின் ஃபிரிட்ஜ் நெருப்பால் ஓடுகிறது! ஆமாம், சின்ன கேஸ் சுடர் ஒன்று எரிகிறது, உள்ளே ஐஸ் உறைகிறது. எப்படி? கையில் சானிடைசர் தடவும்போது சில்லென்று இருக்கிறது அல்லவா? நீர்மம் ஆவியாகும்போது பக்கத்தில் உள்ள வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஃபிரிட்ஜின் குழாய்களுக்குள் அம்மோனியா கலந்த தண்ணீர் இருக்கிறது. சுடர் அதைச் சூடாக்க, அம்மோனியா வாயுவாகி மேலே ஏறுகிறது. மேலே வெப்பத்தை வெளியே விட்டு நீர்மமாகிறது. பிறகு ஹைட்ரஜன் நிறைந்த குழாய்க்குள் இறங்கி, மறுபடி ஆவியாகிறது. அப்போது ஃபிரிட்ஜின் உள்ளே இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கடைசியில் தண்ணீரில் கரைந்து, தொடங்கிய இடத்துக்கே வருகிறது. மோட்டார் கிடையாது, சத்தமும் கிடையாது. ஸ்வீடன் நாட்டில் பிளாட்டன், மன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் 1922இல் கண்டுபிடித்தது இது. மாணவர்கள்!

மோட்டார் இல்லாததால் உள்ளே இருக்கும் நீர்மம் தானாகவே சரிந்து ஓட வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் நீர்மம் ஓரிடத்தில் தேங்கிவிடும், குளிர்ச்சி நின்றுவிடும். அதற்குத்தான் ரசமட்டம். இப்போது வரும் புதிய வண்டிகள் பலவற்றில் பேட்டரியால் ஓடும் ஃபிரிட்ஜ் வந்துவிட்டது. கூரைமேல் இருக்கும் சூரியத் தகடு பகலில் பேட்டரிக்கு மின்னேற்றம் செய்கிறது. வசதிதான். என்றாலும் நெருப்பால் குளிர்விக்கும் அந்தப் பழைய பெட்டிக்குத்தான் நான் கை தூக்குவேன்.

அந்த கேஸ் பெரும்பாலும் புரோப்பேன். நம் வீட்டு சிலிண்டரில் பியூட்டேனும் புரோப்பேனும் கலந்து இருக்கும். பியூட்டேன் கிட்டத்தட்ட பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போனால் வாயுவாக மாறாது, நீர்மமாகவே சிலிண்டரில் கிடக்கும். புரோப்பேனுக்கு அந்தத் தொல்லை மைனஸ் 42 டிகிரியில்தான் வரும். மலை இரவுகளுக்கு அதுதான் சரி.

அடுப்பில் சோறு வைத்திருக்கிறார்கள். தண்ணீர் சீக்கிரமே தளதளவென்று கொதிக்கிறது. ஆனால் அரிசி வேகவில்லை! அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். கடற்கரையில் 100 டிகிரி, இந்த முகாமில் சுமார் 91 டிகிரி, உச்சியில் சுமார் 88 டிகிரி. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்குமேல் சூடு ஏறாது. அப்படியானால் என்ன செய்யலாம்? யோசியுங்கள், விடை உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது. குக்கர்தான்! மூடியை இறுக்கி நீராவியை அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடும், சூடு 100 டிகிரியைத் தாண்டும், சோறு வெந்துவிடும்.

சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தை வெளியே போடாதீர்கள். இங்கே கரடி உண்டு. பாத்திரம் கழுவிய தண்ணீர் ஒரு தொட்டிக்கும், கழிவறைத் தண்ணீர் வேறொரு தொட்டிக்கும் போகிறது. நாளைக்கு அதற்கென்று உள்ள இடத்தில்தான் திறந்துவிட வேண்டும். ஆற்றங்கரையில் ஒரு சொட்டுகூடச் சிந்தக் கூடாது. இந்த ஆற்று நீரைக் கீழே கோடிக்கணக்கானவர்கள் குடிக்கிறார்கள்.

இனி உங்கள் முறை. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை, எந்த மலைக்காவது போகும்போது காலியான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கையோடு எடுத்துப்போங்கள். மேலே போனதும் மூடியைத் திறந்து, ஒரு நிமிடம் கழித்து, மறுபடி இறுக்கித் திருகி மூடிவிடுங்கள். உள்ளே ஒன்றும் போட வேண்டாம். மலை இறங்கி அடிவாரம் வந்ததும் பாட்டிலை எடுத்துப் பாருங்கள். அது என்ன ஆனது, ஏன் ஆனது என்று நான்கு வரி எழுதி, படமும் வரைந்து, நம் இதழுக்கு அனுப்பி வையுங்கள்.